கார்க் கதவு பூட்டாதபோது: சென்ரல் லொக் பழுதைப் படிப்படியாகக் கண்டறிதல்

யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் ‘சென்ரர் லொக்’ என்று சொல்லப்படுவதும் வாகனக் கையேடுகளில் சென்ரல் லொக்கிங் என்று எழுதப்படுவதும் ஒன்றுதான்: ஓரிடத்திலிருந்து கொடுக்கும் ஒரே கட்டளையில் காரின் எல்லாக் கதவுகளையும் பூட்டித் திறக்கும் ஏற்பாடு. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய இந்த வீதிகளில் இன்று வகன் ஆரும் விற்ஸும் அக்குவாவும் ஓடுகின்றன. அந்தப் பழைய கார்களில் கதவு பூட்டாவிட்டால் பழுது பூட்டில்தான் இருக்கும். இப்போதைய கார்களில் அதே பழுது உங்கள் சட்டைப்பையில் கிடக்கும் றிமோட்டின் செல்லில் இருக்கலாம், டாஷ்போர்டுக்குக் கீழுள்ள பியூஸில் இருக்கலாம், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே இறப்பர் உறைக்குள் மறைந்து செல்லும் வயரில் இருக்கலாம், அல்லது கதவின் உள்ளே இருக்கும் சிறிய மோட்டாரில் இருக்கலாம். முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் இவற்றில் மிகவும் செலவு கூடிய கடைசி இடத்தையே முதலில் சந்தேகிப்பார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் பணத்தைத் தொலைத்தேன். அதனை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இங்கே கைமாறும் கார்களில் பல பத்து ஆண்டுகளைக் கடந்தவை. அந்த வயதில் எஞ்சின் நன்றாக இருந்தாலும் கதவுப் பூட்டுகள் ஒவ்வொன்றாக அடம்பிடிக்கத் தொடங்குவது இயல்பு. ஆகவே உங்கள் கார் மட்டும் மோசமானது என்று எண்ண வேண்டியதில்லை.

பூட்டு எவ்வாறு வேலை செய்கிறது

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறிய 12 வோல்ட் மோட்டாரும், நைலோன் பற்சக்கரங்களும், பூட்டின் நெம்புகோலை இழுத்துத் தள்ளும் ஒரு பகுதியும் உண்டு. மோட்டாருக்கு இரண்டு வயர்கள் போகின்றன. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் கதவு பூட்டும். அதே இரண்டு வயர்களில் திசை மாறிப் பாய்ந்தால் திறக்கும். இந்தப் பாய்ச்சல் ஒரு செக்கனுக்கும் குறைவாகவே நீடிக்கிறது. கட்டளையை மோட்டார்களுக்கு அனுப்புவது ஒரு றிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிச், அல்லது ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. சாரதியின் கதவில் மோட்டாருடன், ‘நான் பூட்டியிருக்கிறேன், திறந்திருக்கிறேன்’ என்று அந்தப் பெட்டிக்கு அறிவிக்கும் சிறிய சுவிச்சும் இருக்கும். திறப்பைச் சாரதியின் கதவில் திருகியவுடன் மற்றக் கதவுகளும் கூடவே பூட்டுவது இந்தச் சுவிச்சினால்தான்.

கைவைப்பதற்கு முன்

சாரதிப் பக்கக் கண்ணாடியை முழுவதுமாக இறக்கிவிடுங்கள். திறப்பைக் காருக்குள் வைக்காமல் உங்கள் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான பூட்டு எப்போது தானாகப் பூட்டும் என்று சொல்ல முடியாது. றிமோட்டைச் சோதிக்கப் போய் அதனைக் காருக்குள் வைத்தே பூட்டிவிட்டு, வீட்டு வாசலில் கைபிசைந்து நின்றவர்கள் உண்டு.

அடுத்ததாக ஒரு தாளும் பேனையும் எடுங்கள். பழுதைத் தேடுவதற்குக் கண்ணைவிடக் காது உதவும் என்பது என் அனுபவம். எனவே வீதியில் ஆரவாரம் அடங்கிய இரவு நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் றிமோட்டினாலும், பின்னர் சாரதியின் கதவிலுள்ள பூட்டுச் சுவிச்சினாலும், அதன் பின்னர் திறப்பைத் துவாரத்தில் இட்டுத் திருகியும், மூன்று விதமாகப் பூட்டித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கதவு வேலை செய்தது, எது செய்யவில்லை, செய்யாத கதவிலிருந்து ஏதாவது ஒலி வந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கதவின் அருகிலும் காதை வைத்துக் கேட்க இன்னொருவர் துணைக்கு இருந்தால் வேலை இலகு. தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு தடவை அழுத்த வேண்டாம். பல மோட்டார்களுக்குள் சூடேறினால் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு உறுப்பு உண்டு. அது தடுத்தவுடன் நல்ல மோட்டாரும் செத்ததுபோல நிற்கும். அப்படி நடந்தால் சில நிமிடங்கள் ஆறவிட்டு மீண்டும் பாருங்கள்.

எழுதிய குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். சுவிச்சுக்கு எல்லாக் கதவுகளும் பணிந்து, றிமோட்டுக்கு மட்டும் ஒன்றும் அசையாவிட்டால் கதவுகளில் குற்றமில்லை; றிமோட்டைப் பாருங்கள். எந்தக் கட்டளைக்கும் எந்தக் கதவும் அசையாவிட்டால் பற்றரி, பியூஸ், றிலே என்ற வரிசையில் போக வேண்டும். ஒரே ஒரு கதவு மட்டும் எல்லாக் கட்டளைகளுக்கும் பணியாவிட்டால் அந்தக் கதவின் வயரையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். பூட்டிய மறுகணமே எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்துகொண்டால், ஏதோ ஒரு கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்றோ சாரதியின் பூட்டு முழுத்தூரம் நகரவில்லை என்றோ கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் போகிறது; கதவு திறந்திருப்பதைக் காட்டும் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள்.

பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுதே அல்ல. கதவின் ஓரத்தில், பூட்டு பொருந்தும் இடத்துக்கு அருகே, குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பூட்டின் சிறிய நெம்பு இருக்கும். யாரோ அதனைத் தட்டியிருக்கக்கூடும்.

றிமோட்டும் அதன் செல்லும்

றிமோட்டில் சிறிய விளக்கு இருந்தால், அழுத்தும்போது அது மங்கலாக எரிகிறதா என்று பாருங்கள். முன்பு இருபது அடி தூரத்திலிருந்து திறந்த கார் இப்போது கண்ணாடிக்கு அருகே வந்தால்தான் திறக்கிறது என்றால் செல் இறங்கிவிட்டது. செல்லின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே குறித்துச் சென்று வாங்க வேண்டும். சிஆர்2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர், சிஆர்2016 என்றால் விட்டம் அதே 20, தடிப்பு 1.6. இரண்டும் 3 வோல்ட் என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைப் போட்டுத் தரும் மணிக்கூட்டுக் கடைக்காரர் இருக்கக்கூடும். மெல்லிய செல் ஆடி ஆடி நிற்கும், அரைநாள் வேலை செய்து அரைநாள் ஏமாற்றும். வோல்ட் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால் கடையிலேயே அளந்து பாருங்கள்: புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.

மாற்றும்போது செல்லின் கூட்டல் அடையாளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தொலைபேசியில் ஒரு படமெடுத்து வைப்பது நல்லது. உள்ளேயுள்ள உலோக நாக்குகளில் பச்சை பூத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். வியர்வை படிந்த கைகளில் நாளெல்லாம் புரளும் பொருள் அது. பச்சை பூப்பதில் வியப்பில்லை. கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை அதனை விழுங்கினால் இரண்டு மணித்தியாலங்களுக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தொலைக்காட்சி றிமோட்டைத் தொலைபேசிக் கமராவின் முன் அழுத்தினால் வெளிச்சம் தெரிவதுபோல, கார் றிமோட்டையும் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. இங்கே ஓடும் கார்களின் றிமோட்டுகள் வானொலி அலையில் பேசுபவை. கமராவில் ஒன்றும் தெரியாது, ஒன்றும் தெரியாததால் றிமோட் பழுது என்றும் ஆகிவிடாது. இரண்டாவது றிமோட் இருந்தால் அதனை அழுத்திப் பார்ப்பதே மிகச் சிறந்த சோதனை.

பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில் செல் முற்றாக இறந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. றிமோட்டின் உள்ளே ஒரு உலோகத் திறப்பு ஒளிந்திருக்கும். அதனால் சாரதியின் கதவைத் திறக்கலாம். ரொயோட்டா கார்கள் பலவற்றில், பிறேக்கை மிதித்தபடி றிமோட்டை இயக்கும் பொத்தானுடன் ஒட்டிப் பிடித்தால் கார் அதனை அடையாளம் கண்டுகொள்ளும். இந்த உலோகத் திறப்பை மாதம் ஒருமுறையாவது துவாரத்தில் இட்டுத் திருகிப் பாருங்கள். குருநகரிலோ காரைநகரிலோ பருத்தித்துறைக் கரையிலோ நிறுத்தப்படும் கார்களில், பல ஆண்டுகள் திறப்பே நுழையாத துவாரம் உப்புக்காற்றில் இறுகிப்போய், தேவைப்படும் அந்த ஒரு நாளில் அசைய மறுக்கும்.

பற்றரியும் பியூஸும்

எல்லாக் கதவுகளும் ஒன்றாக ஓய்ந்திருந்தால் முதலில் 12 வோல்ட் பற்றரி. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி காலையில் 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே போயிருந்தால் பூட்டைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டுப் பற்றரியைக் கவனியுங்கள். ஹைபிரிட் கார்கள் சிலவற்றில் இந்தப் பற்றரி பொனற்றின் கீழ் இராது. பின் இருக்கைக்கு அடியிலோ டிக்கியின் ஓரத்திலோ இருக்கும். செம்மஞ்சள் நிற வயர்கள் தெரிந்தால் அவற்றை விட்டு விலகுங்கள், அவை உயர் மின்னழுத்தம் செல்லும் வயர்கள்.

பியூஸ் பெட்டி ஒன்று டாஷ்போர்டின் கீழும், மற்றொன்று பொனற்றின் கீழும் இருக்கும். மூடியின் உட்புறத்தில் உள்ள வரைபடத்தில் கதவுப் பூட்டுக்குரிய பியூஸைத் தேடுங்கள். யப்பானிலிருந்து வந்த கார்களில் வரைபடம் யப்பானிய மொழியில் இருந்தால், தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியால் படமெடுத்து வாசிக்கலாம். பியூஸைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளேயுள்ள கம்பி அறுந்திருப்பது தெரியும். நிறத்தைக் கொண்டே அளவை அறியலாம்: சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. அதே அளவையே போட வேண்டும்.

இல்லாததை வைத்து ஓட்டும் கெட்டித்தனம் நமக்குப் பழகிப்போன ஒன்று. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் இது. ஆனால் அந்தக் கெட்டித்தனத்தைப் பியூஸில் காட்டக் கூடாது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியோ செப்புக் கம்பியைக் கொழுவியோ வைத்தால், அடுத்ததாக உருகுவது கதவுக்குள் போகும் வயராக இருக்கும். புதிய பியூஸும் உடனே எரிந்துபோனால், எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து உலோகத்தில் தொடுகிறது என்பதே பொருள்.

பாவித்த கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும்: முன்னைய உரிமையாளர் வெளிக்கடையில் அலாரம் பொருத்தியிருந்தாரா என்பது. அத்தகைய அலாரத்துக்குத் தனியான பெட்டியும், வயரின் நடுவே தொங்கும் தனியான பியூஸும் இருக்கும். கார்க் கையேட்டில் அதைப்பற்றி ஒரு வரியும் இராது.

இறப்பர் உறைக்குள் மறைந்த வயர்

ஒரு கதவு மட்டும் அடம்பிடிக்கும்போது, கதவின் உள்மட்டையைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இது. முன் கதவைத் திறந்து அதன் கீல்களுக்கு இடையே பாருங்கள். மண்புழுவின் உடல்போல மடிப்பு மடிப்பான கறுப்பு இறப்பர் உறை ஒன்று காரின் உடலிலிருந்து கதவுக்குள் போகும். கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதனுள்ளே இருக்கும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன.

எனது காரின் சாரதிப் பக்கத்துக்கு எதிரான முன் கதவு ஒருமுறை பூட்ட மறுத்தது. ஒரு கராச்சில் காட்டியபோது மோட்டார் போய்விட்டது என்றார்கள். நானும் கொழும்பில் பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த மோட்டார் ஒன்றை எடுப்பித்து மாற்றினேன். இரண்டு நாட்கள் வேலை செய்தது, மூன்றாம் நாள் மீண்டும் நின்றது. அந்தக் கதவின் கண்ணாடியும் சிலவேளைகளில் இறங்க மறுக்கிறது என்பதை அப்போதுதான் கவனித்தேன். மோட்டார் மட்டும் பழுதென்றால் கண்ணாடிக்கு என்ன வந்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை இறப்பர் உறையைக் காரின் உடலிலிருந்து பின்தள்ளி, வயர்களை ஒவ்வொன்றாக இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுத்தேன். எல்லா வயர்களும் விறைப்பாக நின்றன, ஒன்று மட்டும் கூந்தல் கட்டும் இறப்பர்போல நீண்டு கொடுத்தது. வெளித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு அறுந்து, வெறும் தோல் மட்டுமே இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றிய பழைய மோட்டாரில் ஒரு குறையும் இருக்கவில்லை.

ஆகவே இந்தச் சோதனையைச் செய்யாமல் மோட்டாருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். கதவை மெதுவாகத் திறந்து மூடியபடியே பூட்டுச் சுவிச்சை அழுத்திப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் பூட்டு வேலை செய்தால் அறுந்த வயர் அங்கேதான் இருக்கிறது. திருத்தும்போது அறுந்த இரு முனைகளை முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அந்த ரேப் இரண்டு மாதத்தில் பாகுபோல இளகிக் கழன்றுவிடும். ஈயத்தால் பற்றவைத்தாலும், பற்றவைத்த இடம் விறைத்துப்போவதால் மடிப்பில் மீண்டும் முறியும். எனவே மடியும் பகுதி முழுவதற்கும் புதிய, வளைந்து கொடுக்கும் வயர்த் துண்டை இட்டு, இணைப்புகளை மடிப்புக்கு வெளியே, ஒன்றுக்கொன்று சற்று விலக்கி வைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும்.

கதவைத் திறந்து பார்த்தல்

வயர் நன்றாக இருந்தால்தான் உள்மட்டையைக் கழற்ற வேண்டும். இப்போது கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டுக் கதவைத் திறந்தே வையுங்கள். பின்னர் பற்றரியின் கழித்தல் முனையைக் கழற்றுங்கள். மணிக்கூட்டு நேரமும் கண்ணாடியின் தானியங்கி அமைப்பும் அழிந்து மீண்டும் அமைக்க வேண்டிவரலாம். கைப்பிடிக் குழிக்குள்ளும், உட்கைப்பிடியின் பின்னால் சிறு மூடியின் கீழும் ஸ்குறூக்கள் ஒளிந்திருக்கும். அவற்றைக் கழற்றிய பின் மட்டையைச் சுற்றிலும் உள்ள பிளாஸ்ரிக் கிளிப்புகளை, துணி சுற்றிய தட்டை ஸ்குறூட்றைவரால் கீழ் மூலையிலிருந்து ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். இரண்டு மூன்று கிளிப் உடையத்தான் செய்யும். முன்கூட்டியே சில வாங்கி வையுங்கள். கதவுத் தகட்டின் வெட்டு விளிம்பு சவரஅலகு போன்றது என்பதால் கையுறை அவசியம். மஞ்சள் நிறப் பிளக்குகள் எதிர்ப்பட்டால் அவை எயார்பாக்கைச் சேர்ந்தவை, தொடாதீர்கள்.

மட்டையின் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் தாள் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதனைக் கிழிக்காமல் ஒரு மூலையிலிருந்து உரித்து, பூட்டு மோட்டாரின் பிளக்கைத் தேடுங்கள். சோதனைக்காகப் பற்றரியை மீண்டும் கொழுவுங்கள். மின்சாரம் ஒரு கணமே வருவதால் டிஜிற்றல் மல்ரிமீற்றர் அதனைப் பிடிக்கத் தவறக்கூடும். இரண்டு வயர் இணைத்த ஒரு 12 வோல்ட் 5 வாற்ஸ் பல்ப் இதற்கு நல்லது. பிளக்கில் மற்றவற்றைவிடத் தடித்த இரண்டு வயர்களே பெரும்பாலும் மோட்டாருக்குரியவை. அவற்றுக்கிடையே பல்ப்பை வைத்து, துணைக்கு நிற்பவரைப் பூட்டுச் சுவிச்சை அழுத்தச் சொல்லுங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பல்ப் மின்னி மறைந்தால் வயர் வேலை செய்கிறது, குற்றம் மோட்டாரில். மின்னாவிட்டால் மோட்டாரை மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. திறந்திருக்கும் கதவில் பூட்டு சரியாகக் கொழுவுகிறதா என்று பார்ப்பதற்கு, கதவோரத்தில் உள்ள கொளுக்கியை ஸ்குறூட்றைவரால் மூடவேண்டி வரும். சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தக் கொளுக்கியைத் திறந்த பின்னரே கதவைச் சாத்த வேண்டும். மறந்து அடித்துச் சாத்தினால் கொளுக்கி உடலில் உள்ள கம்பியில் மோதி இரண்டும் சிதையும்.

மோட்டார் உறுமுகிறது, நெம்பு அசையவில்லை என்றால் நைலோன் பற்சக்கரம் பல் தேய்ந்துவிட்டது. மோட்டார் அசைகிறது, ஆனால் பாதியில் களைத்து நிற்கிறது என்றால் அவசரப்பட வேண்டாம். பூட்டின் பொறிமுறையில் இறுகிய பழைய கிறீஸும், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தூளும் சேர்ந்து களிபோலாகி இருக்கலாம். துடைத்துச் சுத்தமாக்கி வெள்ளை லித்தியம் கிறீஸ் இட்டால் பல பூட்டுகள் உயிர்பெற்றுவிடும். திறப்புத் துவாரத்துக்குக் கிறாபைற் தூள் போதும். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ விட்டால் அன்றைக்கு இலகுவாகும், பின்னர் புழுதியைச் சேர்த்து முன்னிலும் இறுகும்.

மோட்டாரையே மாற்றுவதென்றால் கழற்றியதைக் கையோடு கொண்டுபோய், ஸ்ரான்லி வீதிக் கடைகளில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். இடம் வலம், முன் பின் எல்லாம் வேறுவேறு; பிளக்கின் ஊசி எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மலிவான மோட்டார்களில் ஐந்து வயர் உள்ளது சாரதியின் கதவுக்கு, இரண்டு வயர் உள்ளது மற்றவற்றுக்கு. பல்ப் மின்னாமல், இறப்பர் உறையிலும் வயர் நன்றாக இருந்தால், அதற்கப்பால் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொடாமல் கார் மின்வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அப்போது நீங்கள் எழுதிவைத்த குறிப்பையும் அவரிடம் கொடுங்கள், அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிஞ்சும்.

மட்டையைத் திரும்பப் பொருத்துமுன் பிளாஸ்ரிக் தாளை அதே பசையில் ஒட்டுங்கள். கண்ணாடியின் வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீரை உட்பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான்; அதனைத் தேவையற்றதென்று கராச்சிலேயே கழற்றி எறிந்த கார்களையும் கண்டிருக்கிறேன். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே அந்த நீர் வெளியேற வேண்டும். வேம்பின் கீழ் நிறுத்தும் கார் என்றால் அத்துளைகளில் சருகும் பூவும் செம்மண்ணும் அடைத்திருக்கும். ஒரு ஈர்க்கால் குத்தி விட்டுக் கதவுக்குள் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே கீழே வடிந்தால் சரி. இந்த வேலையை ஐப்பசி மழை தொடங்குமுன் நான்கு கதவுகளுக்கும் செய்துவிட வேண்டும்.